வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு

நிருவுக்கு,

நேற்று போனில் நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நாள் சரியில்லை, ஃபிளாட் பதிவைத் தள்ளிப்போடு என்றேன். "உன் கல்யாணத்தையே ராகுகாலத்துல ரிஜிஸ்டர் பண்ணவ நீ. இப்போ எனக்கு நாள் பாக்கறியாக்கா?" என்றாய். உன் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து, "பேங்க்காரனே லோன் குடுத்துட்டான், இன்னும் என்னவாம்?" என்றது எனக்கும் கேட்டது.

என் வேலை உனக்குத் தெரியும். பில்டர்கள் ஏதாவதொரு வங்கியில் அடமானம் வைத்து, கடனைக் கட்டாமல் விட்ட கட்டடங்களை ஜப்தி செய்ய, அந்த வங்கிக்காக நோட்டீஸ் எழுதுகிறேன். திங்கட்கிழமை ஒரு கோப்பு வந்தது. கட்சிக்காரரின் கோப்பைப் பற்றி வக்கீல் வெளியே பேசக்கூடாது. கூடப் பிறந்தவளிடமும்தான்.

அத்திபெலேயில் வாங்கப்போகிற ஃபிளாட்டிலிருந்து நீ அனுப்பிய பால்கனிப் படத்தை அன்றிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறேன். துளசிக்கு ஒரு மூலை, அம்மாவின் நாற்காலிக்கு ஒரு மூலை என்று எழுதியிருந்தாய். பதில் போட முடியவில்லை.

ராகுகாலத்தில் கல்யாணம் செய்தவள்தான் நான். இன்றைக்கும் நான் நாள் பார்ப்பதில்லை, நிரு. இதற்கு மேல் என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை நாள் சரியில்லை.

உன் அக்கா