முதல் கோடும் மூன்றாம் கோடும்

வலேஹோ, கலிஃபோர்னியா
மார்ச் 6, 2016

அன்புள்ள மகன் டெஸ்மண்டுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமாக இருப்பதைப் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தாடி வளர்த்திருக்கிறாய். உன் அப்பாவுக்கும் தாடி பொருந்தவில்லை, அவர் யார் சொல்லியும் கேட்கவில்லை.

உன் கிடார் ஆம்ப்ளிஃபையர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து இங்கே காரில் ஆறு மணி நேரம். ஒரு பெட்டிக்குக் கிடைத்த அந்தப் பயணம் பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. லாரிக்காரர்கள் இரண்டு பேர் கராஜில் இறக்கி வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நிமிஷம் உன் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் லாரல் என்கிற பெண் போன் செய்தாள். "மிஸஸ் டாலிவர், இத உங்களத் தவிர யாராலயும் செய்ய முடியாதுன்னு டெஸ் சொல்றார்" என்றாள். "அத அவன் வாயாலயே சொல்லச் சொல்லும்மா" என்றேன். நீ ஒத்திகையில் இருக்கிறாயாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ ஒத்திகையில்தான் இருக்கிறாய். நல்ல பெண், அவளைக் கோபித்து என்ன செய்ய?

பெட்டியோடு வந்த தாளையும் படித்தேன். இப்போது விற்கிற கால்டர்வுட் ஆம்ப்பை, ஆரம்பத்தில் வந்த கால்டர்வுட் போல மாற்றித் தர வேண்டும். உங்கள் முதல் இசைத்தட்டு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, கோடையில் ஊர் ஊராகக் கச்சேரி, அதில் அதே பழைய சத்தம் கேட்க வேண்டும். புரிந்தது. அந்தப் பத்திரிகையிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறாய். "முதலில் வந்த கால்டர்வுட்டில் ஒரு மந்திரம் இருந்தது, அப்புறம் கம்பெனி அதைக் கெடுத்துவிட்டது" என்று. மகனே, அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து அந்த ஆம்ப்களுக்கு ஈயம் உருக்கி ஒட்ட வைத்தவள் நான். ஒரு நீள மேஜை, அதைச் சுற்றிப் பெண்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடுகிற ஒரு மேஸ்திரி. மந்திரம் என்று ஒன்று அங்கே இருந்திருந்தால் எங்கள் முதுகுவலிக்காவது உதவியிருக்கும்.

உன்னிடம் இருந்த பழைய ஆம்ப் இங்கேதான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். வேறொரு கம்பெனி உனக்குப் புது ஆம்ப்களை அடுக்கிக் கொடுத்தபோது, "பழச வச்சுக்கடா, எனக்கு எதுக்கு" என்று உன் தம்பி ராய்ஸிடம் தள்ளிவிட்டுப் போனாய். போன வருஷம் லாரல் அதைத் திருப்பிக் கேட்டாள். ராய்ஸ் தர முடியாது என்றான். அதனால்தான் இப்போது புதியது இங்கே வந்திருக்கிறது.

ராய்ஸைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நுரையீரல் இரண்டும் போய்க்கொண்டிருக்கின்றன. மூக்கில் குழாயோடுதான் உட்காருகிறான், தூங்குகிறான். கோடையைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையேதான் கிறிஸ்துமஸுக்கும் எழுதினேன். நீ ஒரு கூடை பேரிக்காய் அனுப்பினாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்டார்கள், நன்றாக இருந்ததாம்.

"அவனுக்கு எழுதாதம்மா. வர்றவன் தானா வரணும். கூப்ட்டு வந்தா அது துக்கம் விசாரிக்கிற மாதிரி" என்கிறான் ராய்ஸ். அதனால் நான் உன்னைக் கூப்பிடவில்லை. விஷயத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வேலையைச் செய்து தருகிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. பெட்டியைப் பிரித்த சத்தம் கேட்டு ராய்ஸ் படுக்கையை விட்டு எழுந்து கராஜுக்கு வந்து உட்கார்ந்தான். "எங்கம்மா, அந்த அழகுப் பொண்ணத் தெறந்து காட்டு" என்றான். அவன் எழுந்து நடந்து பல வாரம் ஆகியிருந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா
வெர்னா

*

வலேஹோ
ஏப்ரல் 17, 2016

மகன் டெஸ்மண்டுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. லாரலிடமிருந்து வந்தது. "முன்னேற்றம் எப்படி?" என்று கேட்டிருந்தாள். ராய்ஸின் முன்னேற்றத்தைக் கேட்கிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

கம்பெனி வருஷா வருஷம் எதை எதை மாற்றியது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பின்னோக்கி மாற்றினேன். நடுவில் சேர்த்திருந்த சுற்று ஒன்றைக் கழற்றி, கிடாரின் சத்தம் குறுக்கே எங்கும் போகாமல் நேராகப் போகும்படி செய்தேன். கண்டன்சர்களைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். இப்போது வருகிற சர்க்யூட் பலகையில் செப்பு வெங்காயத் தோல் மாதிரி. சூடு கொஞ்சம் கூடினால் உரிந்து கையோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன்.

முடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே கிடார், ஒரே ஸ்பீக்கர். கண்ணாடி வால்வுகளைக்கூடப் பழையதன் பின்பக்கத்திலிருந்து கழற்றிப் புதியதில் போட்டுப் பார்த்தோம், அப்புறம் வால்வுமேல் பழி போடக் கூடாது பார். ராய்ஸ்தான் வாசித்தான். ஒரே ஒரு தாளம், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி. அதற்கே மூச்சு வாங்கியது.

சத்தம் சேரவில்லை, டெஸ்மண்ட். பழையது கடிக்கிறது, புதியது மெல்லுகிறது. உன் தாளில் இருக்கிற அத்தனையும் செய்தாயிற்று, கம்பெனிக்காரனே வந்தாலும் இதுதான் ஆரம்பக் கால்டர்வுட் என்று சத்தியம் செய்வான். ஆனாலும் அது உன் இசைத்தட்டில் இருக்கிற சத்தம் இல்லை.

கடைசியில் பழையதைத் திறந்தேன். இத்தனை வருஷம் அதைத் திறக்க ராய்ஸ் விட்டதில்லை, நன்றாக இருப்பதை எதற்குக் கிளற வேண்டும் என்பான். உள்ளே தங்கியிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது வால்வுக்குக் கீழே ஒரு ரெசிஸ்டர். அதன் இரண்டு முனையிலும் ஈயம் சளி மாதிரி உருண்டு நின்றது. எங்கள் மேஜையில் யாராவது அப்படி வைத்திருந்தால் கையிலேயே போட்டிருப்பேன். அது கம்பெனி வேலை இல்லை. அது யார் கை என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

ரெசிஸ்டரின் மேல் இருக்கிற வண்ணக் கோடுகள்தான் அது மின்சாரத்தைத் தடுக்கிற அளவு என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு இருக்க வேண்டும். அதில் இருந்ததோ ஆரஞ்சு, வெள்ளை, ஆரஞ்சு. பத்து மடங்கு அதிகம். ராய்ஸுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்று. கெட்டுப்போனதில் முதல் கோடும் மூன்றாம் கோடும் ஒரே நிறம் என்று பார்த்து, ஒரே நிறமாக இருந்த ஒன்றையே தேடி எடுத்து வைத்திருக்கிறான், பாவி.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் ஓக்லண்டுக்குப் பாட்டுப் பதிவு செய்யக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த ஆம்ப் ஊமையாகிவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்தேன். சமையலறை மேஜையில் வைத்து ராய்ஸ்தான் அதைச் சரி செய்தான். நான் வீட்டுக்குள் நுழையும்போது நீ வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அடேய், இப்பதான்டா இதுக்குப் பல்லு மொளச்சிருக்கு!" என்று கத்தினாய். வால்வு சூடேறிப் பதத்துக்கு வந்துவிட்டது என்று காரணமும் நீயே சொன்னாய். ராய்ஸ் சிரித்துக்கொண்டு நின்றான், அவனுக்கும் அதுதான் காரணம் என்று நினைப்பு.

அப்புறம், உன் ஆம்ப்களைப் பார்த்துக்கொள்ள ராய்ஸ் கூடவே வந்த சாக்ரமெண்டோ கச்சேரி. அங்கேயும் அவன் கோட்டை மாற்றிப் படித்தான், உன்னுடைய இன்னொரு ஆம்ப் மேடையிலேயே புகைந்தது. அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னாய்? "நெறம் தெரியாத குருடன் கையில என் பொழப்பக் குடுத்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்." அவனைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாய். இரண்டு தடவையும் அவன் செய்தது ஒரே தப்பு. ஒன்றால் நீ பெரிய ஆளானாய். இன்னொன்றுக்கு அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் கப்பல் பட்டறையில் சேர்ந்து பழைய கப்பல்களை உடைத்தான், அந்தத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தான். நுரையீரலுக்கு நீதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பஸ்ஸை நான் நினைக்காத நாள் இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, டெஸ்மண்ட். அது தணியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராய்ஸிடம் ரெசிஸ்டரைக் காட்டினேன். முதலில் சிரித்தான், சிரிப்பு இருமலாகி, முதுகைத் தட்டிக் குழாயைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அப்புறம் கேட்டான், "அப்ப அந்தச் சத்தம் நான்தானாம்மா?"

நான் ஆமாம் என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "அவன்கிட்ட சொல்லாத. பாவம், இருபத்தஞ்சு வருஷமா மந்திரம் மந்திரம்னு பேட்டி குடுத்துட்டான். இப்பப் போயி தம்பிக்குக் கண்ணு நொள்ளைன்னு மாத்திச் சொல்லவா முடியும்?" என்றான்.

அவன் சொல்லாதே என்றான். நான் சொல்லிவிட்டேன். ஏறின ஏணியை எட்டி உதைத்தவனுக்கு, அது எந்த ஏணி என்றாவது தெரிய வேண்டாமா?

அம்மா

*

வலேஹோ
மே 22, 2016

அன்புள்ள டெஸ்மண்ட்,

உன் ஆம்ப் தயார்.

நானே அந்தத் தப்பு ரெசிஸ்டரைப் புதியதிலும் வைத்து முடித்திருப்பேன். ராய்ஸ் விடவில்லை. "என் தப்ப நான்தான் போடணும்" என்றான். நீ அடிக்கடி சொல்வாயே, அவனுக்கு வீம்பு அதிகம் என்று. நிஜம்தான். சின்ன வயதிலிருந்து நிறத்தை யாரிடமும் கேட்டதில்லை, பச்சைக் காலுறை ஒன்றும் பழுப்பு ஒன்றும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவானே தவிரக் கேட்க மாட்டான். அன்றைக்கு மேஜைமேல் ஒரு பிடி ரெசிஸ்டரைக் கொட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினான். "இது என்ன நெறம்மா?" சிவப்பு என்றேன். "இது?" பழுப்பு. "இது?" ஆரஞ்சு, வெள்ளை, ஆரஞ்சு என்றேன். "இத வைம்மா தனியா. இந்தத் தடவ சரியாத் தப்புப் பண்ணணும்" என்றான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், அவன் ஈயம் வைத்தான். அதே அசிங்கமான உருண்டை. நான் அதைத் திருத்தவில்லை.

வாசித்துப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் எட்டிப் பார்த்து, "உங்க பெரிய பையன் வந்திருக்கானா?" என்று கேட்டார். ராய்ஸ்தான் பதில் சொன்னான். "இல்ல சார். அவன் சத்தம் மட்டும் வந்திருக்கு."

அதற்குப் பிறகு அவனால் கிடார் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். தினமும் ஒரு நர்ஸ் வருகிறாள். சூப் இரண்டு ஸ்பூன் இறங்குகிறது. டாக்டர் இப்போதெல்லாம் கோடையைப் பற்றிப் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை லாரல் அனுப்பிய லாரி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். பாவம் அந்தப் பெண், அழுகிற குரலில் போன் செய்தாள். முதல் கச்சேரிக்குப் பத்து நாள்கூட இல்லையாம். வால்வு வைத்த பெட்டி, வழியில் குலுங்கினால் உடைந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். வரும்போது குலுங்காத வால்வா போகும்போது குலுங்கும் என்று அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் பொய் சொல்லவில்லை. நான் அதை அனுப்பப் போவதில்லை. வேண்டுமானால் நீ வந்து எடுத்துக்கொண்டு போ.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவனுக்குத் தெம்பு இல்லை. பேரிக்காயும் வேண்டாம். வந்து அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை வாசி, போதும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தினமும் காலையில் கண் விழித்தவுடன் ராய்ஸ் என்னைக் கூப்பிட்டு உன் ஆம்ப்பைப் போடச் சொல்கிறான். வாசிக்க அல்ல. வால்வு எரியும், சத்தம் வராது, அந்தப் பாதி நிலையில் வைக்கச் சொல்கிறான். இருட்டினால் அணைத்துவிடுவேன், மறுநாள் காலை மறுபடியும். முதல் நாள் எதற்குடா இது என்று கேட்டேன். "சும்மாதாம்மா. சூடேற நேரம் ஆகும்ல. யாராவது வந்தா காத்திருக்க வேணாம் பாரு" என்றான். கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொன்னான். இப்போது அவன் படுத்திருக்கிற இடத்திலிருந்து ஆம்ப்பின் சிவப்பு விளக்கும் தெரிகிறது, வாசலும் தெரிகிறது. அந்த விளக்கு சிவப்பா ஆரஞ்சா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், மகனே. பார்த்து ஓட்டு. ஆனால் வழியில் எங்கேயும் சாப்பிட நிற்காதே. சாப்பாடு இங்கே இருக்கிறது.

அம்மா