முதல் சொல்லுக்கு முன்னால்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? இங்கே என் தொண்டையைத் தவிர எல்லாம் நலம். பகல் முழுக்க ஆங்கில வகுப்பு, மாலையில் பேச்சுப் பயிற்சி, வாரத்தில் இரண்டு நாள் பத்திரிகை வகுப்பு என்று இருந்தால் எந்தத் தொண்டைதான் தாங்கும்.

இது பாசத்தில் எழுதும் கடிதம் இல்லை. நீ ஏமாந்துபோகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிப் பத்திரிகையின் சார்பில் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நீ உன் பள்ளியிலிருந்து நடுவராக வந்த பேச்சுப் போட்டியில் என் மாணவி தகுதி இழந்ததை நீ மறந்திருக்க வழியில்லை. ஸ்டாப்வாட்ச் உன் கையில்தான் இருந்தது. "தங்கச்சி ஸ்கூல் பிள்ளைக்கு மார்க் போடமாட்டேன், நேரம் மட்டும் பாக்கிறேன்" என்று நீயே கேட்டு வாங்கிய வேலை. எல்லை ஏழரை நிமிடம். அவள் அதைத் தாண்டி நான்கு நொடி பேசினாள் என்று எழுதிக் கொடுத்தாய். முடிவைக் கேட்டதும் உன்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

அந்தப் பிள்ளையை நாங்கள் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். சாக்பீஸ் ஏன் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றுகூட வாதாடுவாள். இந்த விஷயத்தில் மட்டும் "விடுங்க மிஸ்" என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பத்திரிகைக்குச் செய்தி எழுதும் அவள் தோழி விடுவதாக இல்லை. அவளுக்குத் துப்பு என்று பெயர், வைத்தவள் நான்தான். பயிற்சி நோட்டைப் புரட்டியிருக்கிறாள். வக்கீல் அந்தப் பேச்சை நாற்பத்தொரு தடவை பேசிப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூட ஏழு நிமிடம் இருபத்தைந்து நொடியைத் தாண்டவில்லை. 'நேரம் தவறியது யார்?' என்று தலைப்புப் போட்டு ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொண்டுவந்துவிட்டாள்.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. யாரையாவது குறை சொல்லும் செய்தி என்றால், அச்சுக்குப் போகும் முன் அவரிடமே கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கி வெட்டாமல் போட வேண்டும். "அவங்ககிட்ட நீங்க கேட்டீங்களா மிஸ்?" என்று துப்பு என்னையே கேட்டாள். விதி போட்டவளும் நான், மாட்டிக்கொண்டவளும் நான்.

கேள்வி ஒன்றுதான். அன்று கடிகாரத்தை எப்போது அமுக்கினாய்? போட்டிக் கழகத்துக்கு முறையீடு அனுப்ப இருபதாம் தேதி கடைசி. அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் அவள் இறுதிச் சுற்றுக்குப் போக முடியாது. இது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம்.

இப்படிக்கு,
பத்திரிகைப் பொறுப்பாசிரியர்
(உன் தங்கையும்தான்)


பிப்ரவரி 6

பத்திரிகைப் பொறுப்பாசிரியருக்கு,

பேச்சாளரின் முதல் சொல்லில் கடிகாரத்தை அமுக்கினேன். கடைசிச் சொல்லில் நிறுத்தினேன். விதி அதுதான், இருபத்தாறு வருடமாக நான் செய்வதும் அதுதான். இதை வெட்டாமல் போடவும்.

இதற்குக் கீழே உள்ளது என் தங்கைக்கு. பத்திரிகைக்கு அல்ல.

அன்று முடிவு சொன்னபிறகு சாப்பாட்டுக் கூடத்தில் உனக்காக இடம் பிடித்து, பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். மூன்று பேர் வந்து "இங்க யாராவது வராங்களா?" என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் "என் தங்கச்சி வருவா" என்றேன். கூடத்தைப் பெருக்க வந்த பிறகுதான் பையை எடுத்தேன்.

வேறு பள்ளிப் பிள்ளையாக இருந்திருந்தால் நானே தலைமை நடுவரிடம் போய், நான்கு நொடிதானே, பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். உன் பிள்ளை என்பதால் சொல்ல முடியவில்லை. அது உனக்குப் புரியும் என்று நினைத்தேன். அடுத்த வருடத் தலைமை நடுவராக என் பெயரைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பத்திரிகை எல்லாப் பள்ளிக்கும் போகிறது. நீ என்ன செய்கிறாய் என்று தெரிந்துதான் செய்கிறாயா?

தொண்டைக்கு வெந்நீர் குடி.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தின் மேல்பாதியை மட்டும் கிழித்துத் துப்பிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "அவங்க சொல்றதும் சரியா இருக்கலாம் மிஸ்" என்று சொல்லித் தலைப்பை அவளே அடித்துவிட்டாள். என் சொந்த அக்கா விஷயத்தில் எனக்கு வராத நிதானம் பதினாறு வயசுப் பிள்ளைக்கு வந்துவிட்டது.

கீழ்பாதி என் மேசை டிராயரில் இருக்கிறது. அந்த நாற்காலி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று வந்திருக்க மாட்டேன், அவ்வளவு கோபம். இப்போது அந்தப் பாதியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்.

நீ பொய் சொல்ல மாட்டாய். என் குழப்பமே அதுதான். நேற்று வக்கீலை உட்கார வைத்துக் கேட்டேன். நீ கடிகாரத்தை உயர்த்திப் பிடித்திருப்பாய், அமுக்கியதும் மேசையில் வைத்துவிடுவாய் இல்லையா? அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சிலுவை போட்டுக் கண்ணை மூடி நின்னேன் மிஸ். கண்ணைத் திறந்தப்போ கடிகாரம் ஏற்கனவே மேசையில இருந்துச்சு. நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலை."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவங்க உங்க அக்காவாச்சே" என்றாள்.

நான் எதுவும் வாதாடவில்லை. அவள் சொன்னதை உனக்குச் சொல்லாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். வெந்நீர் குடிக்கிறேன்.

உன் வாலு


பிப்ரவரி 14

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். ஒரு சின்னப் பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் நடந்ததை எனக்கே சொல்வதா என்று அத்தானிடம் கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சோதிச்சுப் பாத்துடேன்" என்றார். அந்த மனிதர் வருடத்துக்கு ஒரு முறைதான் உருப்படியாகப் பேசுவார், இந்த வருடத்துக்கு அது ஆயிற்று.

நேற்று இரண்டாம் பீரியட் எனக்குப் பேச்சு வகுப்பு. வழக்கம்போல ஒரு பிள்ளையை எழுப்பினேன். அவள் கரும்பலகை முன்னால் வந்து நின்று சிலுவை போட்டாள். முதல் சொல் வாயிலிருந்து வந்தபோது கையைக் குனிந்து பார்த்தேன். கடிகாரத்தில் ஐந்து நொடி ஓடியிருந்தது.

இன்னொரு பிள்ளையை எழுப்பினேன். இந்த முறை கவனமாக இருந்தேன். அப்படியும் அவள் விரல் நெற்றியைத் தொட்டதும் என் கட்டைவிரல் அமுக்கிவிட்டது. முன் பெஞ்சில் இருந்தவள் "மிஸ், நீங்க எப்பவும் அப்படித்தானே அமுக்குவீங்க" என்றாள். வகுப்புக்கே தெரிந்திருக்கிறது.

காரணம் இதுதான். எங்கள் காலை அசெம்பிளியில் ஒரு பிள்ளை பேச மூன்று நிமிடம். ஜெபமும் அதற்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் தலைமையாசிரியையான எங்கள் பெரிய சிஸ்டர் பேச்சின் நடுவிலேயே மணி அடித்துவிடுவார். அதனால் பிள்ளை சிலுவை போடும்போதே நான் அமுக்கிவிடுவேன். இருபத்தாறு வருடம், தினமும். போட்டி மண்டபத்திலும் என் விரல் அசெம்பிளியில்தான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

கழகத்துக்கு உண்மையை எழுதி இன்று காலையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது, பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள். என் முதல் பதிலை எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். வேண்டாம், இரண்டையும் போடு. தலைமை நடுவர் பதவி இனி ஆகிறபடி ஆகட்டும். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. அன்று சிலுவை போட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் அமுக்கியிருப்பேன். அவர்களுக்கு நான்கைந்து நொடி போயிருக்கும். உன் பிள்ளை மட்டும் ஏன் அவ்வளவு நேரம் நின்றாள்?

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

அவள் ஏன் நின்றாள் என்று கேட்டாயே. நிற்கச் சொன்னவள் நான். மேடை ஏறினால் ரயில் பிடிக்கப் போகிறவள் மாதிரி பேசுவாள், அதனால் சிலுவை போட்டதும் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு ஆரம்பி என்று பழக்கியிருந்தேன். பயிற்சி நோட்டில் அந்தப் பத்தும் சேராது, நான் முதல் சொல்லில்தான் அமுக்குவேன். உன் விரலும் என் பத்தும் சேர்ந்துதான் அவளைக் கவிழ்த்திருக்கின்றன.

இதை வாய் தவறித் துப்பிடம் சொல்லிவிட்டேன். "உங்க பதிலையும் எழுத்தில கொடுங்க மிஸ்" என்று நோட்டை நீட்டினாள். பத்திரிகை நேற்று வந்துவிட்டது. உன் இரண்டு பதில்களும் என் பதிலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஒரு எழுத்துக்கூட வெட்டவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் உன் கடிதத்தைத்தான் படிக்கிறார்கள். கணக்கு ஆசிரியர் படித்துவிட்டு வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழகத்தின் பதிலும் வந்தது. பழைய முடிவை மாற்ற மாட்டார்களாம். ஆனால் இறுதிச் சுற்றில் வக்கீலுக்குக் கூடுதலாக ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். தலைமை நடுவராக வேறொருவரைப் போட்டதையும் கேள்விப்பட்டேன். எனக்கு மனசு ஆறவில்லை, அக்கா. உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது.

இறுதிச் சுற்று மார்ச் 7. எனக்கு அன்று தேர்வு அறையில் வேலை, எவ்வளவு கெஞ்சியும் மாற்றித் தரவில்லை. அவளை யார் கூட்டிப்போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "உங்க அக்கா வருவாங்களா மிஸ்?" என்று அவளே கேட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. போவாயா?

வாலு


மார்ச் 8

அன்புள்ள வாலுவுக்கு,

போனேன். உன் பிள்ளைகளை நேற்று மாலை பத்திரமாக வீட்டில் விட்டேன். துப்பும் கூடவே வந்தாள், யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. பஸ் ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்று கண்டக்டரிடம் அரை மணி நேரம் வாதாடி வக்கீல்தான் ஜெயித்தாள்.

பஸ் ஏறும் முன்பே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மிஸ், நானும் கணக்குப் பரீட்சையில தெரியாமலே தப்பு பண்றவதான்" என்றாள்.

மண்டபத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கை தானாக ஏதாவது செய்யும் என்று பையை மடியில் வைத்து அதற்கு அடியில் கையைச் செருகிக்கொண்டேன். அவள் மேடையேறிச் சிலுவை போட்டாள். பைக்கு அடியில் என் கட்டைவிரல் அமுக்கிவிட்டது. ஆனால் மேசையில் இருந்த இளம் ஆசிரியை கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தபடியே காத்திருந்தார். அந்தப் பத்து எண்ணும் நேரத்தில் பின்வரிசைச் சலசலப்புகூட அடங்கிவிட்டது. நல்ல பழக்கம்தான், நானும் என் வகுப்பில் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களைப் பற்றிய அவள் பேச்சை அன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தேன், அதாவது கேட்கவில்லை. நேற்றுதான் கேட்டேன். நர்ஸாக இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போய் அந்த பெஞ்சுகளிலேயே வீட்டுப் பாடம் எழுதியதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு நிமிடம் பத்தொன்பது நொடி. மூன்றாம் இடம். என்னைக் கேட்டால் முதலிடம், என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது துப்பு நோட்டைத் திறந்து, "உங்களுக்கு எங்க மேல கோபம் வரலையா?" என்று கேட்டாள். "வந்துச்சு. ஆனா நீங்க என்கிட்ட கேட்டுட்டுத்தானே எழுதினீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, எனக்கு வலித்தது எது என்று. நீ அன்று மண்டபத்திலேயே வந்து "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம். நானும் அன்று ராத்திரியே உனக்குப் போன் செய்திருக்கலாம். ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக் கொடுக்கிற இரண்டு பேர் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

தொண்டை எப்படி இருக்கிறது?

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

தொண்டை சரியாகிவிட்டது. உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தது தப்பு, மணி அடித்தும் வகுப்புக்குப் போக முடியாமல் முகம் கழுவ வேண்டியதாயிற்று.

வரும் சனிக்கிழமை உங்கள் பள்ளியில் பேச்சு விழா என்று துப்பு சொன்னாள். எனக்கு அழைப்பு வரவில்லை. ஆனாலும் வருகிறேன், பத்திரிகைக்காக இல்லை.

பஸ் கொஞ்சம் தாமதமாகலாம். பக்கத்து நாற்காலியில் உன் பையை வைத்திரு. யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

உன் வாலு