திமிங்கலச் சுறா பார்க்கப் போனோம்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலையை ஈரத்தோடு விடாமல் துவட்டி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று சும்மா வழக்கத்துக்கு எழுதவில்லை, இப்போதுதான் பக்கத்து அறைக்குப் போய் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. இருமல் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் நேற்றைக்கு இன்று குறைவு. இதை ஏன் சொல்கிறார் என்று பதறாதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், பாதியில் அம்மா பிடுங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, நீ போய்த் தூங்கு" என்று வைத்துவிடுவாள். அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள், ஏறிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டு கீழே இருக்கிற எல்லாரையும் வேலை வாங்குகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நான் சரி செய்ததால் இல்லை, நான் கை வைத்ததில் அது மொத்தமாக உடைந்துபோய் குழாய் ரிப்பேர்காரர் வந்ததால். நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிப் பள்ளியில் பழைய காரை மாற்றிவிட்டார்கள், புதுக் காரிலும் என் பக்கம் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஒரு பல் டாக்டர் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். ஊரார் வாயிலெல்லாம் துணிச்சலாகக் கையை விடுகிற மனுஷர், குறுக்கே ஒரு புறா வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். என் வலது கால் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும், வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் தரையை மிதிக்கிறதாம், அம்மா சொல்லிச் சிரிக்கிறாள்.

நீ அனுப்பிய வீடியோவை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள மேட்டில், அடுத்த ஆள் வருவதற்குள் காரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய மீனுக்குப் பக்கத்தில் என் பெண் ஒரு குச்சி மாதிரி நீந்துகிறாள். கூடவே நீ எழுதியிருந்தாய், ஆழ்கடல் படகில் ஒரு பருவம் முழுக்க வேலை கிடைத்திருக்கிறது, சுறாவைப் பார்க்க வருகிறவர்களைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் நான்தான் முதலில் இறங்கிப் பார்க்கணும்ப்பா, நீங்க சரின்னு சொன்னாத்தான் ஒத்துக்குவேன் என்று. படித்து முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். அந்தப் பல் டாக்டர் வந்து கதவைத் தட்டியதுகூடக் காதில் விழவில்லை. வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா, கடலைப் பத்தி உங்களுக்கு என்னப்பா தெரியும் என்று ஒரு கேள்வி கேட்டு என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் தெரிந்துகொண்டே வேண்டாம் என்று சொல்வோம் என்று, ரயிலேறி, திமிங்கலச் சுறா வருகிற கடற்கரைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவிடம் ஓய்வுக்குப் போகிறோம் என்றுதான் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

படகில் வழிகாட்டி ஒரு பெண், அம்மா வயதிருக்கும், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தொடக் கூடாது, முன்னால போகக் கூடாது, பக்கத்துல இருந்து பாருங்க, பயம் வந்தா காலை ஆட்டாம அப்படியே மிதங்க என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சொல்லித்தான் பழக்கமே தவிரக் கேட்டுப் பழக்கமில்லை, இருந்தும் ஒழுங்காகத்தான் கேட்டேன். நீச்சல் தெரியும் என்று பந்தாவாக லைஃப் ஜாக்கெட் வேண்டாம் என்றேன், நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல்தான், அதைச் சொல்லவில்லை. அம்மா நான் தண்ணிப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். படகின் ஆட்டத்தில் அவளுக்குக் குமட்டியது, ஜாக்கெட் நெஞ்சை இறுக்குகிறது என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்ஜினை நிறுத்தினார்கள். நான் கண்ணாடியை மாட்டி, மூச்சு விடுகிற குழாயைக் கடித்து, காலில் அந்த நீளமான ரப்பர் துடுப்பையும் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இறங்கியதும் முதலில் பயமுறுத்தியது சத்தம்தான். குழாய் வழியாக என் மூச்சே எனக்கு வேறு யாரோ பிடரிக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி கேட்டது. உனக்குப் பழகியிருக்கும், எனக்குப் புதுசு. கீழே பார்த்தேன். என் கால் தெரிந்தது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, பச்சையாகப் போய் இருட்டில் முடிந்தது. நான் நின்ற இடமெல்லாம் எப்போதும் காலுக்குக் கீழே ஏதாவது இருந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினாள், அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பிறகு தண்ணீரில் ஒரு பக்கம் மட்டும் இருட்டாயிற்று. அந்த இருட்டு நகர்ந்தது. நகர்ந்து கிட்டே வரும்போது அதற்கு வாய் இருந்தது. நம் வீட்டு வாசல் கதவைப் படுக்கப் போட்டால் எவ்வளவு அகலமோ அவ்வளவு, திறந்தபடி நேரே என்னை நோக்கி வருகிறது. அது மனுஷரைத் தின்னாது, தண்ணீரில் மிதக்கிற பொடிப் பொடிப் பூச்சிகளைத்தான் தின்னும் என்று நீ எழுதியிருந்தாய், எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த மீனுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் வலது கால் பிரேக்கை மிதித்துவிட்டது. சிரிக்காதே. காரில் ஓங்கி மிதித்தால் வண்டி நிற்கும். தண்ணீரில் துடுப்பு மாட்டிய காலால் மிதித்தால் ஆள் முன்னால் போவான். போனேன், நேராக அந்த வாயைப் பார்த்துப் போனேன். அதில் இன்னும் பயந்து இன்னும் ஓங்கி மிதித்தேன், இன்னும் கிட்டே போனேன். எத்தனை பேரைச் சுவரில் மோதாமல் காப்பாற்றிய கால், அதுவே என்னைக் கொண்டுபோய் அதன் வாயில் கொடுக்கப் பார்க்கிறது. அந்தப் பெரிய பிராணிக்குத்தான் புத்தி இருந்தது, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி எனக்கு அடியில் விலகிப் போயிற்று. உடம்பு போகிறது, போகிறது, புள்ளி புள்ளியாக, முடிகிற வழியாக இல்லை. கடைசியில் வால் வந்தது. வால் என்மேல் படவில்லை, அது தள்ளிய தண்ணீர்தான் என்னைப் புரட்டிப் போட்டது. கண்ணாடிக்குள் தண்ணீர், குழாய் வாயில் இல்லை, எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. நான் இங்கேயே போய்விட்டால் உனக்கு வேண்டாம் என்று எழுத ஆள் இருக்காதே என்று நினைத்தேன், சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

எப்படியோ தலை வெளியே வந்தது. வந்தது படகுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அம்மா நான் இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அங்கே குழாயும் இல்லை, தலையும் இல்லை. "ஏங்க" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது, அடுத்தாற்போல் ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம். குளத்தில் முழங்கால் வரை இறங்கியதில்லை உன் அம்மா, ஜாக்கெட்டைப் படகிலேயே போட்டுவிட்டுக் குதித்திருக்கிறாள். நான் சுற்றி நீந்தி வருவதற்குள் அவள் கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. போய்ப் பிடித்தேன். பிடித்ததும் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அந்தப் பிடியில் இரண்டு பேரும் உள்ளே போனோம். என்னைக் காப்பாற்றக் குதித்தவள் என்னையே அமுக்குகிறாள், விலக்கவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. எங்கள் காலுக்கு அடியில் அந்த மீன் மறுபடியும் திரும்பிப் போனது எனக்குத் தெரிந்தது, தண்ணீர் ஜில்லென்று நகர்ந்தது. அதைப் பார்த்துத்தான் அவ்வளவு நடுங்கினேன், அந்த நேரத்தில் அது ஒரு பொருட்டாகவே இல்லை. அம்மாவின் வாய் திறந்து மூடுகிறது, ஒவ்வொரு தரமும் தண்ணீர் உள்ளே போகிறது, அதைத் தவிர வேறு எதுவும் பயமாக இல்லை. வழிகாட்டிதான் வந்து எங்கள் இரண்டு பேரையும் பிய்த்து எடுத்து, அம்மாவை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

படகில் கிடத்தியபோது அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. இருமி, வாந்தி எடுத்து, கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், பிறகு அழுதாள். கரைக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் வைத்துக்கொண்டார். மூக்கில் குழாயோடு அவள் தூங்குவதை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு ஒரு நொடி தாமதமாக வந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். நர்ஸ் வந்து சார் நீங்க கொஞ்சம் உக்காருங்க, உங்களைப் பார்த்தா எனக்கே படபடங்குது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம், மாத்திரை முடிந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் பயம் இன்னும் போகவில்லை, காரில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் சொன்னேன், பார்த்தாயல்லவா, அவளுக்கு வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்று. அவள் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, அவ போகட்டும்னு எழுதுங்க என்றாள். உனக்கென்ன புத்தி பிசகிப் போச்சா, இவ்வளவு பட்டும் என்று நான் கத்தினேன். நீங்க இறங்கும்போது என்னைக் கேட்டா இறங்கினீங்க, அவளாவது கேக்கறாளே என்றாள். நான் அவள் குடித்து முடித்த கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்தேன். இன்று காலை எழுந்ததும் பேனாவை எடுத்தேன்.

அதனால் சரி என்று எழுதுகிறேன். போய்வா. பயம் போய்விட்டதால் எழுதுகிறேன் என்று நினைக்காதே, முன்பு தெரியாமல் பயந்தேன், இப்போது தெரிந்து பயப்படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஜாக்கிரதை என்றும் சொல்லப்போவதில்லை, ஜாக்கிரதையாகத்தான் நானும் இறங்கினேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ தண்ணீருக்குள் போனால், உன் தலை எப்போது மேலே வரும் என்று படகில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்கிற ஆள் யார்? சம்பளத்துக்குப் பார்க்கிறவர்களைக் கேட்கவில்லை. யோசிக்காமல் குதித்துவிடுகிற ஆளைக் கேட்கிறேன். உன் தோழியோ, படகின் சமையல்காரரோ, நீ இதுவரை எங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிற யாரோ, யாராக இருந்தாலும் அப்பா மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டேன். ஒரு வரி எழுது, அது போதும். அப்படி யாரும் இல்லை என்றால், கிளம்புவதற்குள் ஒருத்தரைச் சம்பாதித்துக்கொள்.

எங்கே போனாலும் நீ நல்லபடியாகக் கரையேற வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. கண்ணாடியின் வாரை இறங்குவதற்கு முன் இரண்டு தரம் இழுத்துப் பார், மறந்துவிடாதே. இருமல் நின்றதும் அம்மா நீச்சல் வகுப்பில் சேரப் போகிறாளாம், பக்கத்துத் தெருக் குளத்தில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். அடுத்த தடவை குதிக்கும்போது தெரிஞ்சிருக்கணும்ல என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா