முந்நூறு என்றால் முப்பது சதவீதம்

அன்புள்ள சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இருமல்கூட இந்த வாரம் லீவில் போயிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் முந்நூறு பங்குகளையும் சித்தப்பா பேருக்கு மாற்ற அவர் அனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போடாதே என்று நேற்று போனில் சொன்னேன் அல்லவா, ஏன் என்று நீ கேட்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் புது வெட்டும் மெஷின் வாங்கப் பழச்சாறு கம்பெனிக்காரர் பணம் போடுவதாகவும், பதிலுக்கு ஆயிரம் புதுப் பங்குகள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அதற்காகச் செவ்வாய்க்கிழமை காலை புது ஆடிட்டரம்மா வந்தாள். ஆபீஸில் பசை டிரம்முக்கு மேலே அப்பா சட்டம் போட்டு மாட்டிய பதிவுப் பத்திரம் இருக்கிறதே, 'பத்தாயிரம் பங்குகள்' என்று, அதை அண்ணாந்து பார்த்தாள். அப்பாவிடம் முந்நூறு, சித்தப்பாவிடம் நானூறு, உன்னிடம் முந்நூறு, அப்படியென்றால் மீதி ஒன்பதாயிரம் யாரிடம் என்று கேட்டாள். சித்தப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "அண்ணன் பீரோவுல பத்திரமா இருக்கும்மா" என்றார். அப்பா சாவியை எடுக்கவே எழுந்துவிட்டார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். பத்தாயிரம் என்பது கம்பெனி அதிகபட்சம் வெளியிடலாம் என்ற அனுமதி மட்டும்தானாம். நம் ஆபீஸ் லிஃப்டில் பத்துப் பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறது, ஏறுவது ஒருவர்தான் என்றால் மற்ற ஒன்பது பேர் எங்கே என்று தேடுவோமா என்றாள். வெளியிட்டது ஆயிரம், கணக்கு அந்த ஆயிரத்துக்குத்தான். எட்டு வருஷமாக உன்னை 'மூணு பர்சன்ட் முதலாளி' என்று கேலி செய்தோமே, மடிக்கிற பெட்டியை நீ வரைந்து கொடுத்துச் சம்பளம் வேண்டாம் என்றபோது அப்பா கொடுத்த அந்த முந்நூறு, முப்பது சதவீதம்!

இனிமேல்தான் விஷயம். பழச்சாறுக்காரருக்கு ஆயிரம் கொடுத்தால் மொத்தம் இரண்டாயிரம் ஆகிவிடும். உன் கையில் அதே முந்நூறு இருக்கும், ஒன்றும் குறைந்த மாதிரி தெரியாது, ஆனால் உன் பங்கு பதினைந்து சதவீதம் ஆகிவிடும். அவர் பாதிக்கு உரியவர், நம் பக்கத்தில் ஒருவர் அவரோடு சாய்ந்தால் அவர் வைத்ததுதான் சட்டம். பணம் உள்ளே வருவதால் கம்பெனியும் பெரிதாகும், அது நஷ்டம் இல்லை, ஆனால் ஓட்டு சிறுத்துப்போகும் என்றாள் ஆடிட்டரம்மா. இருநூற்றைம்பது மட்டும் கொடுத்துச் சின்ன மெஷின் வாங்கினால் உனக்கு இருபத்துநாலு நிற்கும், அவருக்கு இருபதுதான். எதுவானாலும் வெளியாளுக்குப் பங்கு கொடுக்க நம் கம்பெனி விதிப்படி நூற்றுக்கு எழுபத்தைந்து ஓட்டு வேண்டும், அண்ணனும் தம்பியும் சேர்ந்தாலும் எழுபதுதான்.

உன் முந்நூறும் வந்திருந்தால் சித்தப்பாவுக்கு எழுபது சதவீதம், சும்மா கிடைத்திருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவரே, "அண்ணி, அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க, மூணுன்னு நெனச்சுத்தான் கேட்டேன்" என்றார். அவர்மேல் கோபம் வைக்காதே, போனில் இரண்டு வார்த்தை பேசு. அப்பா அப்போதே ஸ்டூலில் ஏறி, சட்டத்தின் கண்ணாடிமேல் மார்க்கரால், வெளியிட்டது ஆயிரம், அதில் முந்நூறு மகளுடையது என்று எழுதிவிட்டு இறங்கினார். பெட்டிக்குப் பசை தடவுகிற அம்மா ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆயிரமா, இருநூற்றைம்பதா, ஒன்றுமே வேண்டாமா, நாங்கள் சொல்லித்தர மாட்டோம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டம், வியாழனுக்குள் உன் முடிவை எழுத்தில் அனுப்பு. நீ சொல்லாமல் இங்கே ஒரு பங்கும் அசையாது என்று நினைக்கும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு கண்ணே.

முப்பது சதவீதக்காரியைப் பெற்றவள்,
அம்மா