நீ சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாய்

வடமாலபேட்டை

அன்பு மகள் கீர்த்திக்கு நைனா எழுதுவது. ஏழுமலையான் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம். ஜெர்மனிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. தோப்பில் மா பூத்திருக்கிறது, போன வாரப் பனியில் கொஞ்சம் கருகியும் போனது. உன் பெரிய நைனா மகள் ரூபாவின் நிச்சயதார்த்தம் புத்தூர் மண்டபத்தில் நன்றாக நடந்தது. அங்கே நான் செய்த கூத்தை யாரோ உனக்கு வீடியோ அனுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து நீ அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு எழாது, அதனால் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன கிடாரில் எனக்கு வீடியோ காலில் லீட், அதாவது பாட்டின் நடுவே வரும் தனி வாசிப்பு, சொல்லிக்கொடுக்கிறாய் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான்தான். பென்டடோனிக் என்றால் ஐந்தே சுரம், நம்ம சுத்த தன்யாசி மாதிரி என்றாய். கம்பியை ஒரு விரலால் தள்ளாதே, பின்னால் இரண்டு விரலை முட்டுக்கொடுத்து மணிக்கட்டைத் திருப்பு என்றாய். அப்படிச் செய்ததும் கம்பி அழுதுகொண்டே மேலேறி நின்றபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். பாட்டு எந்த ஸ்கேல், அதாவது எந்தச் சுருதி என்று முதலில் கேள், விரல் வைக்கும் அதே வடிவத்தை அந்த இடத்துக்கு நகர்த்து என்றும் சொன்னாய். எனக்கோ மெட்டல் ராக் வாசிப்பவர்களின் வேகம் வந்தால் போதும் என்ற அவசரம். சரி சரி என்றேனே தவிர, நீ முதலில் காட்டிய ஐந்தாவது கட்டத்தை, அந்த ஃப்ரெட்டை, விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

மண்டபத்தில் திருப்பதி பாட்டுக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு பாட்டுக்கு நானும் வாசிக்கிறேன் என்று மேடையேறிவிட்டேன். அதில் கிடார் வாசித்த திலீப் என்ற பையன் தன் கிடாரை என் கையில் கொடுத்து, "இன்னா ஸ்கேல் சார்?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்ல வெட்கம். "நீ பாட்ட ஆரம்பிக்கச் சொல்லு தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றேன். முதல் சுரமே இடித்தது. வேகமாக வாசித்தால் மறைந்துவிடும் என்று இன்னும் வேகமாக வாசித்தேன். முன்வரிசையில் இருந்த முனிரத்தினம் மாமா, "இன்னா மச்சான், பாட்டு ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போய்க்கினு கீற!" என்று கத்த, மண்டபமே சிரித்தது. நான் மைக்கைப் பிடித்து, "நான் இன்னா பண்றது, எம்பொண்ணு தப்பா கத்துக்குடுத்துட்டா" என்றேன். மறுபடி சிரித்தார்கள், இந்தத் தடவை உன்னை வைத்து. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை.

வண்டியில் வரும்போது அவள், "எடத்த மாத்தணும்னு அவ சொல்றப்போ நானும் பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்தேன். உங்க காதுலதான் ஏறல" என்று ஒரே வார்த்தை சொன்னாள். மறுநாள் அந்த வீடியோவை ஓடவிட்டு, அதோடு சேர்த்து ஒவ்வோர் இடமாகக் கையை நகர்த்தி வாசித்துப் பார்த்தேன். ஒன்பதாவது ஃப்ரெட்டுக்கு வந்ததும், நீ சொல்லித்தந்த அதே விரல், அதே வடிவம், அத்தனையும் பாட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. அப்போது வந்த வெட்கம் மண்டபத்தில்கூட வரவில்லை, மகளே.

வெள்ளிக்கிழமை ரூபா வீட்டில் புடவை பார்க்க எல்லாரும் கூடியிருந்தார்கள். போய், என் மகள் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், நான்தான் கேட்கவில்லை, அவளைப் பழி சொன்னது தப்பு என்றேன். முனிரத்தினம் மாமா, "இத்த சொல்லவா இவ்ளோ தூரம் வந்த, வுடு" என்றார். அவருக்கு அது சின்ன விஷயம். வேலை முடிந்து அலுத்து வந்து எனக்காக உட்கார்ந்தவள் நீ, உனக்கு அது சின்னது இல்லை. மறுபடி சொல்லிக்கொடு என்று கேட்க எனக்கு முகமில்லை. என்னைத் திட்டவாவது ஒரு தடவை கூப்பிடு.

காதை மூடாமல் வெளியே போகாதே. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து, நல்லபடி வாழ வேண்டும்.

தலை குனிந்திருக்கும் உன் நைனா,
சம்பத்