வாசலில் ஒரு பிளக் பாயிண்ட்

மந்தைவெளி,
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

அநேக நமஸ்காரம். இன்னும் மாமா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று என் வக்கீல் உங்களைக் காட்டி, எதிர்த்தரப்பின் தகப்பனார் என்றார். எனக்கு அது வாயில் நுழையாது. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம், அப்படியே விட்டுவிடுங்கள்.

போனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நான் கத்திப் பேசினால் சண்டை போடுவது போல இருக்கிறது. அதனால்தான் கடிதம். மாமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே லஸ் பக்கம் மெட்ரோ வேலை முடிந்தபாடில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் என் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேலை பார்த்த களைப்பு வந்துவிடுகிறது.

விஷயம் சிந்துவைப் பற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை அவள் என்னோடு இருக்கலாம் என்று கோர்ட்டில் முடிவானது. முதலில் பஸ்ஸில்தான் பாண்டிச்சேரிக்கு வந்துகொண்டிருந்தேன். வெயிலில் குழந்தையைத் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு அலையாதீர்கள் என்று மாளவிகா சொன்னாள். நியாயம்தான். அதற்காகத்தான் இந்த எலெக்ட்ரிக் காரை வாங்கினேன்.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் நானூற்றுப் பத்து கிலோமீட்டர் போகும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். இங்கிருந்து உங்கள் வீடு நூற்றைம்பது. போக வர முந்நூறு. மிச்சத்தில் சிந்துவை எங்கேயாவது கடற்கரைக்கு அழைத்துப்போகலாம் என்று நினைத்தேன். வரைபடத்தில் போட்ட அளவு எங்கள் கம்பெனி செய்கிற வால்வில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. யார் சொன்ன அளவையும் அளக்காமல் நான் ஒப்புக்கொண்டதே இல்லை. அடையாறு ஷோரூமில் மட்டும், அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஈயென்று சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மாளவிகா கூட இருந்திருந்தால் அவன் சொன்னதில் பாதி என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த சாமர்த்தியம் உண்டு.

இருநூற்று நாற்பதைத் தாண்டி இந்த வண்டி ஒரு நாளும் போனதில்லை. உங்கள் ஊருக்குள் வரும்போது மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. திரும்பிப் போக சார்ஜ் போட்டே ஆகவேண்டும். சீக்கிரம் ஏறுகிற சார்ஜர் அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று, ஒரு ஹோட்டலின் பின்புறத்தில் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் சென்னைக்குத் திரும்புகிற கும்பல் முழுக்க அங்கேதான் நிற்கும். ஒரு வாரம் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு, மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகமுடியாமல் மெமோ வாங்கினேன். அதிலிருந்து மத்தியானமே அங்கே போய்விடுகிறேன், சிந்துவையும் கூட்டிக்கொண்டு.

ஆக, எனக்குக் கிடைக்கிற ஆறு மணி நேரத்தில் பாதி, அந்த ஹோட்டல் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போகிறது. சிந்து பின் சீட்டில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறாள். இப்போதெல்லாம் வண்டியில் ஏறியதும் "எவ்ளோப்பா இருக்கு?" என்றுதான் கேட்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே சார்ஜ் காட்டுகிற திரையைத்தான் பார்க்கிறாள். பத்து வயதுக் குழந்தை கேட்கிற கேள்வியா இது?

அதனால் ஒரு உதவி. உங்கள் கேட்டுக்கு உட்புறம், தண்ணீர் மோட்டார் சுவிட்ச் இருக்கிற சுவரில், ஒரு பதினைந்து ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் போட்டுக்கொள்ள அனுமதி தரவேண்டும். வாஷிங் மெஷினுக்குப் போடுவோமே, அதேதான். ஆள் வைத்து நானே போட்டுத் தருகிறேன். கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்துவிடலாம். வண்டி வாசலில் நிற்கும். நானும் சிந்துவும் எதிர்ப் பார்க்கில் மரத்தடியில் இருப்போம். நான் வீட்டுக்குள் வரமாட்டேன். காபிகூடக் கேட்கமாட்டேன்.

மாளவிகாவிடம் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அவள் களைப்பாக இருக்கும்போது வேண்டாம்.

நமஸ்காரங்களுடன்,
பரத்வாஜ்


மந்தைவெளி,
மே, திங்கட்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் பதில் கிடைத்து நாளாகிறது. 'ஸ்ரீ பரத்வாஜ் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தீர்கள். வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று உறையை ஒரு முறை திருப்பிப் பார்த்தேன்.

வீட்டு வயரிங் பழசு, வாசலில் நாள் முழுக்க என் வண்டி நின்றால் மாளவிகாவுக்குச் சங்கடம், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். புரிகிறது. வயரிங்கைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் ஒரு எலெக்ட்ரீஷியனை அனுப்பியிருப்பேன்.

வண்டிக் கம்பெனியோடும் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன். சர்வீஸ் சென்டரில் டை கட்டின ஒரு பிள்ளையாண்டான், அது சோதனைக்கூடத்தில் எடுத்த கணக்கு என்றும், என் கால் கொஞ்சம் கனம், ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பழகவேண்டும் என்றும் எனக்குப் பாடம் எடுத்தான். குற்றம் என் கால் மேல் வந்து நின்றது. வெளியே வந்தால், இதே வண்டியை டாக்ஸியாக ஓட்டுகிற பட்டினப்பாக்கத்து செபஸ்தியான் என்பவர், "இன்னா நைனா, அவனாண்ட போய் கேட்டுக்கினு கீற? அவன் சொன்ன நானூறு அவன் ஊட்டு ஹாலுக்குள்ள ஓட்னது. ஈசிஆர்ல ஏசி போட்டுக்கினு போனா வருமா?" என்று சிரித்தார். இதனால் அவருக்கும் பாதி சவாரி கைவிட்டுப் போகிறதாம். எப்படிச் சிரிக்க முடிகிறதோ.

அதற்குப் பிறகு ஏசி போடாமல் வர ஆரம்பித்தேன். பாலவாக்கம் தாண்டும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் உங்கள் வாசலில் இறங்கியபோது தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாளவிகா கேட்டருகில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய், ஒரு பாட்டிலில் ஜில்லென்று தண்ணீர் கொண்டுவந்து, "அப்பாட்ட குடு" என்று சிந்துவிடம் கொடுத்தாள். அந்த பாட்டில் இன்னும் என் வண்டியில்தான் இருக்கிறது. நேற்றும் திருப்பித் தர நினைத்து மறந்துபோனேன்.

அன்றைக்குத்தான் சார்ஜர் பழுதாகி, சிந்துவைக் கொண்டுவந்து விட ஏழு மணியாகிவிட்டது. இனி மாதம் ஒரு ஞாயிறு போதும் என்று மாளவிகா சொன்னதும் அன்றைக்குத்தான். நான் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல். போய் என்னவென்று சொல்வது? வண்டி விளம்பரத்தில் சொன்ன அளவுக்குப் போகவில்லை, ஆகையால் என் குழந்தையைக் கொடுங்கள் என்றா?

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சிந்து ஏறினவுடன் அவளுக்காக ஏசியைப் போட்டேன். அவள் கையை நீட்டி அணைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "வேண்டாம்பா. நீ ஆத்துக்குப் போய்ச் சேரணுமே" என்றாள். நெற்றியெல்லாம் வேர்த்து முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். நான் மறுபடி போட்டேன். அவள் மறுபடி அணைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. டயரைப் பார்க்கிற மாதிரி இறங்கிப் பின்னால் போய் நின்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், "புனேல கடல் இருக்காப்பா?" என்று கேட்டாள். இல்லையே, எதற்குக் கேட்கிறாய் என்றேன். அம்மாவுக்கு பேங்கில் பிரமோஷன், புனேக்கு மாற்றல், லீவு முடிந்து ஸ்கூல் அங்கேதான், பாட்டியும் வருகிறாள், தாத்தா மட்டும் வரமாட்டேன் என்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்த மாதிரியே நானும் தலையாட்டினேன்.

தடுக்க எனக்கு வழியில்லை. உத்தியோகத்தில் அவளுக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்திருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்கள் கிளம்புகிற அன்று சென்னை விமான நிலையத்துக்கு நான் அழைத்துப்போகிறேன். முந்தின நாளே வந்துவிடுவேன். ராத்திரி ஒரு பொழுது உங்கள் வாசலில் சார்ஜ் ஏறினால் போதும், உள்ளேயிருந்து ஒரு வயரை நீட்டிக்கொடுங்கள். நான் லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். நூற்றைம்பது கிலோமீட்டர் இந்த வண்டி தாராளமாகப் போகும், ஏசி போட்டுக்கொண்டே போகலாம். ஒரு தடவையாவது சிந்து அந்தத் திரையைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.

மறுக்காதீர்கள்.

பரத்வாஜ்


மந்தைவெளி,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்கள்? காலை மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகா, முன்பா என்று மாமிதான் ஞாபகப்படுத்துவார். மறக்காதீர்கள். மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். காரம் குறைவாகப் போடச் சொல்லுங்கள்.

மே மாதக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. ஆனால் மாமி போன் செய்து விமானம் கிளம்புகிற நேரத்தைச் சொன்னார். நீங்கள் சொல்லச் சொன்னதாகவும் சொன்னார். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல இப்போதுதான் வாய்த்தது.

அவர்கள் விமான நிலையத்தில் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். நான் முன்னாலேயே போய் நின்றிருந்தேன், வண்டியில் முழு சார்ஜோடு. மந்தைவெளியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு எதற்கு முழு சார்ஜ் என்று நீங்கள் கேட்கலாம். மாளவிகாவிடம் அந்தத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். "இருக்கட்டும், வெச்சுக்கோங்கோ. வெயில்ல போறேளே" என்றாள்.

சிந்துவைக் கட்டிக்கொண்டேன். வழக்கம்போல "எவ்ளோப்பா இருக்கு?" என்று கேட்டாள். வழியில் குறைந்த ஐந்தாறையும் சேர்த்து நூறு என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ புனே வரைக்கும் வருமா?" என்றாள்.

வரும் என்று சொல்லிவிட்டேன் மாமா. கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் நம்பிக்கொண்டு உள்ளே போனாள், கதவுக்கு அந்தப்புறமிருந்து கையை ஆட்டிக்கொண்டே. விளம்பரம் போட்டவனைத் திட்ட அன்றிலிருந்து எனக்கு வாயில்லை. கம்பெனி மேல் போட வைத்திருந்த புகாரையும் போடவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். கீழே இறங்கிப் போய், காரில் உட்கார்ந்துகொண்டுதான் கூப்பிடுவேன். எவ்வளவு இருக்கிறது என்று அவள் கேட்பாள், திரையைக் காட்டுவேன். எங்கேயும் போகாத வண்டி, எப்போதும் நூறுதான். எங்கள் அடுக்கக செகரட்டரி பஞ்சாட்சரம், சார் காருக்குள் என்ன ஜெபம் பண்றார் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தாராம். போன இரண்டு வாரமாக சிந்து கேட்கவில்லை. ஹிந்தியில் பேசுகிற இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருக்கிறார்கள், கீழே விளையாடக் காத்திருக்கிறார்கள் என்று சீக்கிரம் வைத்துவிட்டாள். நல்லதுதான். நல்லதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. 'சிரஞ்சீவி பரத்வாஜுக்கு அநேக ஆசீர்வாதம்' என்று பழையபடி ஆரம்பித்திருக்கிறீர்கள். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆள் வைத்து மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் போட்டுவிட்டதாகவும், மிக்ஸியைக் கொண்டுவந்து சொருகிச் சரிபார்த்ததாகவும், ஞாயிற்றுக்கிழமை வரலாம், உள்ளே வந்து காபி சாப்பிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இன்று காலை கிளம்பினேன். திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே ஓரமாக நிறுத்திக்கொண்டு யோசித்தேன். உங்கள் கேட் திறக்கும், பிளக்கைச் சொருகுவேன், சாயங்காலம் வரை சார்ஜ் ஏறும். எதிர்ப் பார்க்கில் அந்த மரத்தடியில் நான் யாரோடு உட்காருவது? பதினொரு மணியாகிவிட்டது. அங்கிருந்தே சிந்துவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் டிகாக்‌ஷன் இறக்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எப்போது என்று சொல்லத்தான் தெரியவில்லை. தீபாவளிக்கு அவர்கள் இந்தப் பக்கம் வருவதாக இல்லை என்று மாமி சொன்னார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி வந்தால் உங்கள் வாசல் சுவரில் மழை நேராகத்தான் அடிக்கும். அந்த பிளக் பாயிண்டில் தண்ணீர் இறங்காமல் ஒரு மூடி போட்டு வைக்கச் சொல்லுங்கள். யாரும் வராததற்கு இது எதற்கு என்று கழற்றிவிடாதீர்கள் மாமா. இருக்கட்டும்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
பரத்வாஜ்