மா கின் மியாவும் டோ கின் மியாவும்

அடியே, கேள். யாங்கோனுக்கு வந்து, நம் பசுந்தாங் சந்தை முனையில் உட்கார்ந்து அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வறுத்த பூண்டு எண்ணெயின் வாசம் மூக்கில் ஏறியதுமே, வார்டு வேலை முடிந்து சீருடையோடு நாம் இங்கே வந்து உட்கார்ந்த சாயங்காலங்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டன. எனக்குப் புளி தூக்கலாக, உனக்குக் காரம் தூக்கலாக. முதல் வாய் வைக்கப் போகும்போது கைப்பேசியில் மின்னஞ்சல் வந்தது. உரிமம் கிடைத்துவிட்டது! நான் போட்ட கூச்சலில் கடைக்கார அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“என்னா நர்ஸ் சயாமா, லாட்டரி உழுந்துருச்சா?”

“அதவிடப் பெருசும்மா!”

உனக்கு விவரம் தெரியாது, சொல்கிறேன். கனடாவில் நர்ஸ் உரிமம் நாடு முழுக்கச் செல்லாது. மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி. நான் போய் இறங்கிய மாகாணத்தில் இத்தனை வருடமும் முதியோர் இல்லத்தில்தான் வேலை. நல்ல மனிதர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனாலும் உன்னோடு பிரசவ வார்டில் நின்று பழகிய கை சும்மா இருக்குமா? இப்போது பக்கத்து மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி என்னைப் பிரசவ வார்டுக்கே கூப்பிட்டிருக்கிறது. அடுத்த மாதத்துக்குள் அந்த மாகாணத்து உரிமத்தோடு வர வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். ஏற்கெனவே ஒரு மாகாணத்தில் பதிந்தவளுக்கு மாற்றிக்கொள்வது சுலபமாம். நீ செய்த கூத்து மட்டும் குறுக்கே வராவிட்டால் சுலபம்தான்.

மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையோரத்துக் கம்ப்யூட்டர் கடை நினைவிருக்கிறதா? என் முதல் விண்ணப்பத்தை நீதான் தட்டினாய். முதல் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. பர்மாவில் பிறந்த நமக்கு ஏது குடும்பப் பெயர்? வீட்டில் நான் கமலா, பதிவில் கின் மியா, அவ்வளவுதான்.

“முதல் பேர்ல டோன்னு போட்டுறேன். கின் மியாவக் குடும்பப் பேர்ல தள்ளிறலாம்.”

“நான் என்ன கெழவியாடி? எல்லாரும் இன்னும் மான்னுதான கூப்புடுறாங்க?”

“போற எடத்துல ஒனக்கு மருவாத வேணாமா? நானே ப்ரமோஷன் குடுக்குறேன், வச்சிக்க.”

இளையவளுக்கு மா, மூத்தவளுக்கு டோ என்று மரியாதைக்கு முன்னால் சேர்ப்பதைத் தூக்கிப் பெயராகவே வைத்த புத்திசாலிகள் நாம். ரயில் போய் முடியும்வரை சிரித்தோம். அனுப்பியும் விட்டோம்.

அதன் பலனை நீ பார்த்திருக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் பல் போன தாத்தாக்கள் எல்லாம் “டோ! டோ!” என்று மணியடிப்பார்கள். பெயரே சொல்லாமல் “திருமதி! திருமதி!” என்று கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும், ஏன் என்று யாருக்கும் விளங்காது.

இந்த முறை புது மாகாணத்து அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். யாங்கோன் சான்றிதழில் மா கின் மியா, கனடாப் பதிவில் டோ கின் மியா. அக்காள் தங்கையா என்று கேட்காத குறை. இருவரும் ஒருவரே என்று இங்கே வக்கீல் முன்னால் நேரில் சத்தியம் செய்ய வேண்டும், இரண்டு பெயரிலும் என்னை அறிந்த சக நர்ஸ் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதினார்கள். படித்த உடனே உன்னைத்தான் கூப்பிட நினைத்தேன். அப்போது நான் கனடாவுக்கு விமானம் ஏறுவதற்குள்ளேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நன்றாக அழுதேன்.

லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன். நம்மோடு படித்த எஸ்தர்தான் வக்கீல் அறைக்குக் கூட வந்தாள்.

“அவ பண்ணுன கூத்துக்கு நான் சாட்சியா?” என்று திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புது உரிமத்தில் எந்தப் பெயர் வேண்டும், ‘டோ’வை எடுத்துவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். “இப்பவாச்சும் அத எடுத்துத் தொலடி” என்றாள் எஸ்தர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் ஒரு சின்னப் பெண் எழுந்து, என்னை டோ என்று கூப்பிட்டு இடம் கொடுத்தாள். நிஜமாகவே எனக்கு அந்த வயது வந்துவிட்டது. உன்னை யாருமே அப்படிக் கூப்பிட்டதில்லை. உன் கல்லறையில் மா என்றுதான் வெட்டியிருக்கிறது.

எடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதம் அந்த வார்டில் யாருக்காவது வலி கண்டு “டோ!” என்று அலறினால், நான் நம் இரண்டு பேருக்குமாக ஓடுவேன்.